சரிவில் மாட்டிய டிராக்டரை வயர் ரோப், கப்பி போட்டு மீட்பது: முழுமையான வழிகாட்டி

நீலகிரி, வால்பாறை, ஏற்காடு பக்கம் தேயிலை, காபித் தோட்டங்களில் சில்வர் ஓக் வெட்டி இறக்கும்போது டிராக்டர் பெரும்பாலும் மூன்று விதமாக மாட்டும். பின்சக்கரம் களியில் புதைந்து அச்சு தரையில் உட்கார்ந்துவிடும். பாதையோரம் இடிந்து வண்டி சறுக்கி, ஏதாவது ஒரு அடிக்கட்டையில் முட்டி நிற்கும். வெட்டிய மரத்தடியை இழுக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்தே விழுந்துவிடும். வண்டி மாட்டும்போது தப்பிய ஆள், அதை மீட்கும்போது கயிறு அறுந்து அடிபடுவதும் உண்டு. அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, இழுவைக் கருவியின் லீவரைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதைப் பற்றியது.

இங்கே எடுத்துக்கொள்வது 45 முதல் 50 குதிரைத்திறன் வரையுள்ள, சுமார் 2.3 டன் எடையுள்ள சாதாரண டிராக்டர். இழுக்க 1.6 டன் கை டிர்ஃபர், அதாவது லீவரை முன்னும் பின்னும் ஆட்டி வயர் ரோப்பை இழுக்கும் கைக்கருவி. மலைத் தோட்டங்களில் பவர் விஞ்ச்சைவிட இதுதான் எளிதாகக் கிடைக்கும். மெதுவாக இழுக்கும், நினைத்த இடத்தில் நிற்கும் என்பதால் இந்த வேலைக்கு இதுவே நல்லது.

மாட்டியவுடன்

ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள். சக்கரம் வெறுமனே சுற்றும் ஒவ்வொரு சுற்றும் குழியை ஆழமாக்கும். எஞ்சினை அணைத்து, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, மேட்டுப் பக்கமாக இறங்குங்கள்.

சக்கரத்தோடு ஒரு கட்டையைச் சங்கிலியால் கட்டி ஏற்றிப் பார்க்கும் பழக்கம் இருக்கிறது. அதை அடியோடு விடுங்கள். பின்சக்கரம் சுற்ற முடியாதபடி பிடிபட்டால், எஞ்சினின் திருகுவிசை வண்டியின் உடம்பை அச்சைச் சுற்றித் தூக்கும். முன்பக்கம் எழும்பி டிராக்டர் பின்னால் கவிழ ஒன்றரை விநாடி போதும். கிளட்ச் மிதிக்கக்கூட நேரம் இருக்காது. தடியை டிராபாரில் (டிராக்டரின் பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைச் சட்டம்) மாட்டாமல் அதைவிட உயரத்தில், டாப் லிங்க் (பின்கருவிகளை மேலே பிடிக்கும் தண்டு) பிராக்கெட்டில், மாட்டி இழுத்தாலும் இதேதான் நடக்கும்.

பின்னால் தடியோ டிரெய்லரோ இருந்தால் கழற்ற வேண்டும். அதற்கு முன் தடியின் பள்ளத்துப் பக்கம் கல்லோ ஆப்போ கொடுங்கள். சங்கிலி தளர்ந்ததும் உருளக் காத்திருக்கும் தடி, கழற்றுகிற ஆளின் காலுக்கு நேராகத்தான் இருக்கும். எப்போதும் மேட்டுப் பக்கம் நின்று கழற்றுங்கள்.

எவ்வளவு இழுவை வேண்டும்?

கண்ணால் பார்த்து ஊகிக்காமல் இரண்டு எண்களைக் கூட்டுங்கள்.

முதலாவது, தரையின் பிடி. கெட்டியான சாலையில் வண்டியை நகர்த்த அதன் எடையில் 25ல் 1 பங்கு இழுவை போதும். புல்தரையில் 7ல் 1, சரளையில் 5ல் 1, ஒட்டும் களியில் பாதி. சக்கரத்தின் பாதி வரை புதைந்திருந்தால் முழு எடைக்குச் சமமான இழுவை வேண்டும். மட்கார்டு வரை போயிருந்தால் எடையைப் போல இரு மடங்கு.

இரண்டாவது, சரிவு. எடையைச் சரிவின் டிகிரியால் பெருக்கி 60ஆல் வகுத்தால் வருவது. 45 டிகிரி வரை இந்தக் கணக்கு நம்பகமானது.

2.3 டன் டிராக்டர், 15 டிகிரி சரிவு, சக்கரம் பாதி புதைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தரைக்கு 2.3 டன், சரிவுக்கு 2.3 × 15 ÷ 60, அதாவது சுமார் 0.6. மொத்தம் 2.9 டன். இப்போது மண்வெட்டி எடுத்து நான்கு சக்கரத்துக்கும் முன்னால் சரிவாக வழி வெட்டி, அச்சுக்கு அடியிலிருக்கும் மண்ணையும் எடுத்துவிட்டால் தரையின் பிடி பாதியாகிறது: 1.15 கூட்டல் 0.6, மொத்தம் 1.75 டன்.

இரண்டு ஆள் ஒரு மணி நேரம் தோண்டினால் ஒரு டன்னுக்கு மேல் இழுவை மிச்சம். இந்த வேலையில் இதைவிட மலிவான பாதுகாப்பு வேறு கிடையாது. தோண்டும்போது மண் சக்கரத்தை உறிஞ்சிப் பிடித்திருக்கும் பிடியும் உடைகிறது. கடப்பாரையை டயர் ஓரமாக இறக்கி ஆட்டினால் சேற்றில் 'புளக்' என்று காற்று ஏறும் சத்தம் கேட்கும். அது கேட்டால் பாதி வேலை முடிந்தது.

தேவையான சாமான்கள்

- 1.6 டன் டிர்ஃபர் 1, அதற்கென்றே வரும் 11.5 மி.மீ. கயிறு 40 மீட்டர். வேறு கயிறு போடக்கூடாது: பருமன் கூடினால் தாடைக்குள் போகாது, குறைந்தால் லோடில் வழுக்கும்.
- 12 மி.மீ. வயர் ரோப் 15 மீட்டர், இரு முனையிலும் மெஷினில் அழுத்திய கண்ணும் (கயிற்றை மடித்துச் செய்த வளையம்) அதற்குள் திம்பிளும் (கண் நசுங்காமல் காக்கும் இரும்புத் தகடு) உள்ளது.
- பக்கத்தட்டைத் திறந்து கயிற்றைப் போடும் கப்பி, அதாவது ஸ்னாட்ச் பிளாக் 2, ஒவ்வொன்றும் குறைந்தது 4 டன்.
- வில் ஷேக்கிள் (குறுக்கே பின் போட்டுப் பூட்டும் வில் வடிவ இரும்பு வளையம்) 19 மி.மீ., 4.75 டன் முத்திரை உள்ளது 6.
- பாலியஸ்டர் பெல்ட் ஸ்லிங் 3 டன், 3 மீட்டர் நீளம் 4. பெரும்பாலும் நிறம்தான் அடையாளம்: பச்சை 2 டன், மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5.
- மண்வெட்டி 2, கடப்பாரை 2, ஆப்புக்கட்டை 6, ஈரச் சாக்கு 4, தோல் கையுறை, ஹெல்மெட், விசில் 1.

12 மி.மீ. கயிறு மீட்டருக்கு அரை கிலோவுக்குச் சற்று மேல் கனக்கும். நீளமான கயிற்றை சரிவில் ஆள் தூக்கி ஏறுவதைவிட, முதலில் மெல்லிய நைலான் கயிற்றைக் கொண்டுபோய், அதைக் கட்டி வயர் ரோப்பை இழுத்துக்கொள்வது மேல். சுருளைப் படுக்கவைத்து ஒரு முனையைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒவ்வொரு சுற்றும் ஒரு முறுக்காக விழும். சக்கரம் மாதிரி நிறுத்தி உருட்டிக்கொண்டே போங்கள்.

கயிறு தேறுமா?

கையில் ஒரு பிடி காட்டன் வேஸ்ட் எடுத்து கயிற்றைச் சுற்றிப் பிடித்து, முழு நீளமும் மெதுவாக நடந்து வாருங்கள். அறுந்த கம்பி இருக்கும் இடத்தில் பஞ்சு சிக்கி ஒரு கொத்து நிற்கும். அந்த இடத்தைச் சுண்ணாம்பால் குறித்து எண்ணுங்கள். ஒரு புரி (பல கம்பிகள் சேர்ந்த இழை) கயிற்றை முழுதாக ஒரு சுற்று சுற்றிவரும் நீளத்துக்குள் 6 கம்பி அறுந்திருந்தாலோ, ஒரே புரியில் 3 அறுந்திருந்தாலோ கயிறு தேறாது. புரிக்கும் புரிக்கும் நடுவே பள்ளத்தில் ஒரு கம்பி அறுந்து எட்டிப் பார்த்தால் உள்ளே இன்னும் பல அறுந்திருக்கும். அதையும் ஒதுக்குங்கள்.

வெர்னியரால் அளந்து, புதிதாக இருந்த பருமனில் 10 சதவீதம் குறைந்திருந்தால் வேண்டாம். கொக்கி மாதிரி மடிந்து நிமிர்த்திய இடம், கூண்டு மாதிரி புரி விரிந்த இடம் இருந்தாலும் வேண்டாம். மடிந்ததைச் சுத்தியலால் தட்டி நேராக்கினால் பார்க்க நேராக இருக்கும், பலம் திரும்பாது.

எஃகு உட்கரு (கயிற்றின் நடு இழை) உள்ள 12 மி.மீ., 1770 கிரேடு (கம்பியின் பலத்தைக் குறிக்கும் எண்) கயிறு புதிதாக இருக்கும்போது சுமார் 9 டன்னில் அறும். நார் உட்கரு என்றால் சுமார் 8.5. தரையோடு இழுக்கும் வேலைக்கு அறும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள். மெஷினில் அழுத்திய கண் 10 சதவீதம் பலத்தைக் குறைக்கும். ஆக 9 டன் கயிற்றில் நம்பக்கூடியது 2.7 டன். தோண்டாத வண்டிக்கு வந்த கணக்கு 2.9. தோண்டிய வண்டிக்கு 1.75. மண்வெட்டியை முன்னால் வைத்ததற்குக் காரணம் இதுதான்.

கண்ணை புல்டாக் கிளாம்ப் (யூ வளையமும் நட்டும் உள்ள கயிற்றுப் பிடிப்பான்) போட்டுத்தான் செய்ய வேண்டும் என்றால் பலம் 80 சதவீதம்தான், அதுவும் சரியாகப் போட்டால். 12 மி.மீ. கயிற்றுக்கு குறைந்தது 3 கிளாம்ப், மலை வேலைக்கு 4 போடுவது நிம்மதி. இடைவெளி கயிற்றுப் பருமனைப் போல 6 மடங்கு, அதாவது சுமார் 7 செ.மீ. கிளாம்பின் பல்லுள்ள அடித்தட்டு லோடு தாங்கும் கயிற்றின்மேல் இருக்க வேண்டும். யூ வளையம் வெட்டுமுனையின்மேல் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் யூ வளையம் லோடுக் கயிற்றையே நசுக்கி அறுக்கும். ஒன்று இப்படி, ஒன்று அப்படி மாற்றி மாற்றிப் போடுவதும் தவறு. முதல் லோடு ஏறியதும் கயிறு மெலியும், நட்டு தளரும். அப்போது லோடை இறக்கிவிட்டு மறுபடி முறுக்குங்கள்.

எந்த மரத்தில் கட்டுவது?

மரத்தின் தாங்கும் பலம் அடிவிட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 60 செ.மீ. மரம் 30 செ.மீ. மரத்தைப் போல இரண்டு மடங்கல்ல, சுமார் நான்கு மடங்கு தாங்கும். ஆனால் இனமும் மண்ணும் முக்கியம். சீகை (வாட்டில்) மரத்துக்கு வேர் மேலாக ஓடும். மழைக்குப் பிறகு அதை நம்பாதீர்கள். பாதை வெட்டிய விளிம்பில் நிற்கும் எந்த மரத்துக்கும் ஒரு பக்க வேர் ஏற்கெனவே போயிருக்கும். பட்டுப்போன மரம், எறும்பு குடைந்த அடிக்கட்டை வேண்டாம். அடிக்கட்டையில் கட்டுவதானால் கடப்பாரையால் ஓங்கிக் குத்திப் பாருங்கள், கணகணவென்று கேட்க வேண்டும்.

ஸ்லிங்கை முடிந்த அளவு தரையோடு கட்டுங்கள். அரை மீட்டர் உயரத்தில் கட்டியதை இரண்டு மீட்டரில் கட்டினால் வேரைப் புரட்டும் விசை நான்கு மடங்காகும். பெல்ட் ஸ்லிங்கை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து இரு கண்ணையும் ஒரு வில் ஷேக்கிளில் போடுங்கள். ஸ்லிங்கின் இரு காலுக்கும் இடையிலான கோணம் 60 டிகிரிக்குள் இருந்தால் ஒவ்வொரு காலிலும் லோடில் 58 சதவீதம். 90 டிகிரியில் 71. 120 டிகிரியில் ஒவ்வொரு காலும் முழு லோடையும் தாங்க வேண்டிவரும். ஸ்லிங் குட்டையாக இருந்து மரத்தை இறுக்கிப் பிடித்தால் கோணம் விரிந்துவிடும். அதனால்தான் 3 மீட்டர் கேட்டோம்.

மரம் சந்தேகமாக இருந்தால் அதே நேர்கோட்டில் பின்னால் இருக்கும் இன்னொரு மரத்தோடு கட்டி, அந்தக் கட்டைத் தளர்வே இல்லாமல் இறுக்கிவிடுங்கள். தளர்வாக விட்டால் முன்மரம் சாய்ந்த பிறகே பின்மரம் உதவிக்கு வரும்.

மரமே இல்லாத இடத்தில் கட்டை புதைக்கலாம். 2 மீட்டர் நீளம், 25 செ.மீ. பருமன் உள்ள கட்டை, ஒன்றரை மீட்டர் ஆழக் குழி. இழுக்கும் பக்கத்துச் சுவர் வெட்டுப்படாத கெட்டி மண்ணாகச் செங்குத்தாக இருக்க வேண்டும். அந்தச் சுவரில் ஸ்லிங் வெளிவர மட்டும் ஒரு குறுகிய சரிவுப் பள்ளம். பள்ளம் செங்குத்தாக இருந்தால் கட்டை மேலே பிடுங்கிக்கொண்டு வரும், நீளச் சரிவாக வெட்டுங்கள். புதைப்பதற்கு ஏற்கெனவே இறக்கிய தடியை எடுத்துக்கொள்ளுங்கள். அறிவிக்கப்பட்ட மலைப்பகுதியில் நிற்கிற மரத்தை அவசரம் என்று வெட்டினாலும் 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் வெட்டியதாகத்தான் ஆகும்.

கட்டும் வரிசை

1. 12 மி.மீ. கயிற்றின் ஒரு கண்ணை டிராக்டரில் மாட்டுங்கள். பின்னால் இழுப்பதானால் டிராபார். முன்னால் இழுப்பதானால் முன் சப்போர்ட்டில் உள்ள இழுவைப் பின் (ஊசி). டை ராடிலோ (முன்சக்கரங்களைத் திருப்பும் தண்டு) டாப் லிங்க்கிலோ வேண்டாம். வந்த தடத்திலேயே திரும்ப இழுப்பது பெரும்பாலும் எளிது.
2. அந்தக் கயிற்றின் மறு கண்ணில் முதல் ஸ்னாட்ச் பிளாக். இது வண்டியோடு நகரும் கப்பி.
3. டிர்ஃபர் கயிற்றின் கொக்கியை 'அ' மரத்தில் மாட்டி, கயிற்றை நகரும் கப்பி வழியாகத் திருப்பி மேலே கொண்டுவாருங்கள்.
4. பக்கத்து 'ஆ' மரத்தில் இரண்டாவது ஸ்னாட்ச் பிளாக். கயிறு அதில் திரும்பி பக்கவாட்டில் போகட்டும்.
5. அங்கே 'இ' மரத்தில் டிர்ஃபர்.

டிர்ஃபரை நேராக 'ஆ' மரத்திலேயே கட்டினால் ஒரு கப்பி மிச்சம்தான். ஆனால் லீவர் போடுகிறவர் லோடுக் கயிற்றின் நேர்கோட்டில் நிற்பார். அறுந்த கயிறு அவரை நோக்கியே வரும். இரண்டாவது கப்பிக்கு ஆகும் உராய்வு அதற்குக் கொடுக்கும் விலை. கொடுத்துவிடலாம்.

ஒவ்வொரு கப்பியிலும் 10 சதவீதம் உராய்வில் போகும் என்று வையுங்கள். டிர்ஃபரில் 1 டன் இழுத்தால் 'ஆ' கப்பி தாண்டி 0.9, நகரும் கப்பி தாண்டி 0.81. வண்டிக்குக் கிடைப்பது இரண்டும் சேர்ந்து 1.71 டன். தோண்டிய வண்டிக்கு வேண்டிய 1.75க்கு டிர்ஃபரில் ஒரு டன்னுக்குச் சற்று மேல் போதும். தோண்டாத 2.9க்கு 1.7 டன் தேவைப்படும், கருவியின் வரம்பு 1.6. வரம்பை அதிகம் மீறினால் லீவரில் உள்ள ஷியர் பின் உடையும். அந்தப் பின் உடைவதற்காகவே வைத்தது. அந்த இடத்தில் ஆணியோ போல்ட்டோ செருகினால் அடுத்து உடைவது கயிறோ ஷேக்கிளோதான்.

கயிறு திரும்பும் கப்பியில் கட்டிய மரம் எவ்வளவு தாங்க வேண்டும் என்பதும் இங்கே தவறும் கணக்கு. கப்பிக்கு வரும் கயிறும் போகும் கயிறும் இணையாக இருந்தால் இழுவையைப் போல 2 மடங்கு. இரண்டுக்கும் நடுக்கோணம் 60 டிகிரி என்றால் 1.73 மடங்கு, 90 என்றால் 1.41, 120 என்றால் 1 மடங்கு. வசதிக்காகப் பக்கத்தில் நிற்கிற சிறு மரத்தில் கப்பி கட்டுபவர்கள், அதில்தான் லோடு அதிகம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஷேக்கிள் பின் முழுவதும் உள்ளே போயிருக்க வேண்டும். ஓடுகிற கயிறு பின்னின்மேல் உரசக்கூடாது, உரசினால் பின் தானாகக் கழலும். கப்பியின் பக்கத்தட்டு பூட்டியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

இழுப்பது

நின்று பார்த்துக் கட்டளை கொடுப்பவர் ஒரே ஆள். விசில் அவரிடம். நிறுத்தச் சொல்லி மட்டும் யார் கத்தினாலும் நிறுத்த வேண்டும்.

கப்பியில் கயிறு திரும்பும் இடத்தில் ஒரு 'வி' வடிவம் உருவாகிறது. அதன் உள்பக்கம் யாரும் நிற்கக்கூடாது. கப்பியோ ஸ்லிங்கோ விட்டால் கயிறு அந்த முக்கோணத்தைத் துடைத்துக்கொண்டு நிமிரும். மற்றவர்கள் கயிற்று நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் தள்ளி நிற்கட்டும். டிர்ஃபரில் இருப்பவரும் மரத்தைக் கவனிப்பவரும் தவிர அருகே யாருக்கும் வேலை இல்லை. நீண்டு ஓடும் கயிறுகளின்மேல் ஈரச் சாக்கைப் போடுங்கள், அறுந்தால் வீச்சைக் கொஞ்சம் அடக்கும். அதைப் போட்டதால் பக்கத்தில் நிற்கலாம் என்று அர்த்தமில்லை.

தளர்வை எடுத்து கயிறு விறைக்கும் வரை இழுத்து நிறுத்துங்கள். ஒவ்வொரு இணைப்பையும் தூரத்திலிருந்தே கண்ணால் சுற்றிப் பாருங்கள். இப்போது ஸ்டீயரிங்கை நேராக்கிக் கயிற்றால் கட்டி, கியரை நியூட்ரல் ஆக்கி, ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். சீட்டில் யாரும் உட்காரக்கூடாது.

மரத்தைக் கவனிக்கிற ஆள், நடுநடுவே நிறுத்தச் சொல்லி, பக்கவாட்டிலிருந்து மரத்தின் பின்பக்க மண்ணைப் பார்க்க வேண்டும். முதலில் தெரிவது தலைமுடி பருமனில் ஒரு வெடிப்பு, அடிமரத்தைச் சுற்றி அரைவட்டமாக. காய்ந்த சருகு லேசாக எழும்பும். அது தெரிந்தாலே நிறுத்தி லோடை இறக்க வேண்டும். கயிற்றிலிருந்து உட்கருவின் எண்ணெய் கசிந்து துளியாக நின்றால் லோடு அதிகம் என்று கயிறே சொல்கிறது. 'டிக்' என்று ஒரு கம்பி அறும் சத்தம் கேட்டாலும் நிறுத்தம்தான்.

வண்டி அரை மீட்டர் நகர்ந்ததும் நிறுத்தி, பள்ளத்துப் பக்கம் நான்கு சக்கரத்துக்கும் ஆப்பு. அடுத்த அரை மீட்டர், மறுபடி ஆப்பு. ஒரு மீட்டர் நகர இரண்டு மீட்டர் கயிறு ஓடும், அவசரப்படாதீர்கள். டிர்ஃபரின் ரிலீஸ் கைப்பிடியை லோடு இருக்கும்போது தொடவே கூடாது. இறக்குவது ரிவர்ஸ் லீவரால் மட்டும்.

பி.டி.ஓ. விஞ்ச் (டிராக்டர் எஞ்சினின் சுழல் தண்டால் ஓடி, டிரம்மில் கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி) வைத்திருப்பவர்களுக்கு இரண்டு சேர்க்கை. முத்திரையில் போட்டிருக்கும் இழுவை டிரம்மின் முதல் அடுக்குக்கானது, ஒவ்வொரு அடுக்கு ஏறும்போதும் இழுவை குறையும். ஆனாலும் டிரம்மில் 5 சுற்று எப்போதும் மிச்சமிருக்க வேண்டும். கயிறு ஒரு பக்கமாகக் குவியாமல் இருக்க, முதல் கப்பியை டிரம் அகலத்தைப் போல 20 மடங்கு தூரத்தில் கட்டுங்கள்: 30 செ.மீ. டிரம்முக்கு 6 மீட்டர்.

பக்கவாட்டில் விழுந்த வண்டி

பேட்டரியைக் கழற்றி, டீசல் காக்கை மூடுங்கள். கொட்டிய டீசலின்மேல் மண் போடுங்கள்.

பள்ளத்துப் பக்கம் சாய்ந்து கிடந்தால் இரண்டு தனிக் கயிறு, மேட்டில் இரண்டு தனி மரம். முதல் கயிறு, தரையில் படிந்திருக்கும் சக்கரத்தின் அச்சுக்கு. வண்டி நிமிரும்போது அடி சறுக்கிக் கீழே போகாமல் பிடிப்பது இதுதான். இது இறுக்கமாக நிற்க வேண்டும், இழுக்கத் தேவையில்லை. இரண்டாவது கயிறு, மேலே நிற்கும் பக்கத்தின் பின் அச்சு உறைக்கு. இதை டிர்ஃபரால் இழுக்க வண்டி எழும். மட்கார்டிலோ ஸ்டீயரிங்கிலோ கட்டினால் அது மட்டும் பிய்ந்து வரும். எழுந்து சமநிலைப் புள்ளியைத் தாண்டியதும் வண்டி மேட்டுச் சக்கரத்தில் 'தட்' என்று உட்காரும். அந்தப் பக்கம் யாரும் இருக்கக்கூடாது. உட்கார்ந்த உடனே முதல் கயிற்றைக் கழற்றாதீர்கள். ஆப்பு வைத்து, கியர் போட்டு, பிரேக் பிடித்த பிறகுதான்.

நிமிர்ந்த சந்தோஷத்தில் சாவியைத் திருப்புவதுதான் கடைசித் தவறு. சாய்ந்து கிடக்கும்போது எஞ்சின் ஆயில் பிஸ்டனைத் தாண்டி சிலிண்டருக்குள் இறங்கியிருக்கலாம். ஆயில் அமுங்காது. ஸ்டார்ட்டர் சுற்றினால் கனெக்டிங் ராட் வளையும். இன்ஜெக்டர்களைக் கழற்றி, துளைகளின்மேல் துணி போட்டு, எஞ்சினைக் கையால் இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். துணியில் ஆயில் தெறிப்பது நின்ற பிறகு இன்ஜெக்டரை மாட்டலாம். ஏர் கிளீனரில் தேங்கிய ஆயிலைத் துடைத்து, எஞ்சின், கியர் பாக்ஸ், ஹைட்ராலிக் மூன்றின் அளவையும் பார்த்து நிரப்பி, டீசல் லைனில் காற்று எடுத்து, அதற்குப் பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.